பின்பாதி மட்டும் தெரிந்த பிள்ளை

அன்புள்ள ராயப்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று முதல் பக்கத்தில் படித்ததும் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாம் பக்கம் படித்ததும் அந்த உயிருக்குக் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. 'இங்கே கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு என்ற பெயரில் பாட்டும் ஆட்டமுமாக நடக்கிறது. செசிலியை அனுப்புவதாக இல்லை. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி நானே அவளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்து, அடுத்த வருஷம் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயார் செய்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். அப்பாவை நீ நினைத்துக்கொண்டதில் எனக்குக் கண் நிறைந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆனால், அடப்பாவி மகனே, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிக்கொடுத்ததால் என்ன ஆயிற்று என்பதை ஒரேயடியாக மறந்துபோனாயா? நேரில் இருந்தால் காதைப் பிடித்துத் திருகி இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன். நாக்பூர்வரை என் கை நீளாது. அதனால்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஆபீசில் வைத்துப் படிக்காதே. மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவைப் போல வீட்டில் வேதம் சொல்லிக்கொடுத்த தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, கச்சேரி ரோடு வழியாக நடந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் 'எங்கே என் சின்னப் பையன்?' என்பார். கிணற்றடியில் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டே பாடம் நடக்கும். உன்னைப் படைத்தவர் யார் என்று கேட்பார். சரியாகப் பதில் சொன்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். சொல்லாவிட்டால் நீ கண்ணில் சோப்போடு 'ஊத்துங்கப்பா, எரியுதுப்பா' என்று குதித்துக்கொண்டு நிற்க வேண்டும். 'எரிஞ்சா சீக்கிரம் ஞாபகம் வரும், யோசி' என்பார். நான் அடுப்படியிலிருந்து சத்தம் போடுவேன். பிறகு கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் உட்காரவைத்து, மீன் வயிற்றுக்குள் போன தீர்க்கதரிசியின் கதையை அந்தக் கடலைக் காட்டியே சொல்வார். நீ வீட்டுக்கு வந்து, அந்த மீன் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று என்னைக் கேட்பாய். இதையெல்லாம் எந்த வகுப்பும் தராது. செசிலிக்கு இதைக் கொடுக்க நீ நினைப்பது நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

உன் அப்பாவின் பிடிவாதத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவர் குடும்பம் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தது. அந்த ஊருக்குப் பூசை வைக்கச் சாமியார் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். 'எங்க பாட்டன் காலத்துல எந்த வகுப்பு இருந்துச்சு? எந்த டீச்சர் இருந்தாங்க? வீட்லதான் வேதம் நின்னுச்சு' என்பார். நான் அதற்கு நேர் எதிர். நான் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். என் அப்பாவும் அம்மாவும் கரியும் புகையுமாகக் கடையில் கிடப்பார்கள். எங்களை முழந்தாளில் நிறுத்திச் செபம் சொல்ல வைக்க அங்கே யாருக்கு நேரம்? எனக்குத் தெரிந்த மந்திரம், பாட்டு, புனிதர்களான அர்ச்சியசிஷ்டர் கதை எல்லாம் கோவில் வகுப்பில், பத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கத்திக் கற்றதுதான். கல்யாணமான புதிதில் உன் அப்பா அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார். 'ஒனக்கு வேதம் கும்பல்லதான் வரும், தனியா கேட்டா வராது' என்பார். நானும் விடமாட்டேன். 'உங்களுக்கு உங்க வீட்டு நாலு செவுத்துக்குள்ளதான் வரும்' என்பேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

இப்போது சாயங்காலச் செபத்துக்கு வருகிறேன். மருமகள் வீட்டு வழக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். செபமாலையில் மாதாவை வாழ்த்துகிற மங்கள வார்த்தை மந்திரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம். அதன் முன்பாதியை ஒருவர் தொடங்குவார். பின்பாதியை மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். நம் சாந்தோம் வீட்டில் தொடங்குகிறவர் அப்பா. வேறு யாரும் தொடங்கியதில்லை, தொடங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. கோவில் மணி அடித்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கை வைப்பேன். அது யுத்தக் காலம். வெளிச்சம் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். அந்த இருட்டு அறையில் நீ, கைக்குழந்தையாக இருந்த உன் தங்கை பிலோமினா, நான் மூன்று பேரும் அவருக்குப் பின்னால். அவர் முன்பாதியை ரயில் ஓட்டுவார். வகுப்பில் ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கிற மனுஷன், செபம் என்றால் மட்டும் மூக்காலேயே ஒரு ராகம் இழுத்து, நடுவில் இருக்கும் வார்த்தையை எல்லாம் விழுங்கிவிட்டு, கடைசி வார்த்தையில் வந்து நிற்பார். அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் நீ 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்று கணீரென்று பின்பாதியை எடுப்பாய். உன் உச்சரிப்பைக் கேட்டு அவர் முதுகு நிமிரும். பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உனக்கு எட்டு வயது ஆனபோது, அந்த வருஷம் உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்குப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முந்தின தபசுகாலம் நாற்பது நாளும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும் என்று கோவிலில் அறிவித்தார்கள். ஞானம்மா டீச்சர் என்று ஒருவர் அந்த வகுப்பைப் புதிதாக எடுத்திருந்தார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அவர் வகுப்பில் கேள்வி கேட்பதும் பிள்ளைகள், பதில் சொல்வதும் பிள்ளைகள். ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் நாடகம், ஒரு நாள் பிள்ளைகளே சிலுவையைத் தூக்கிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வருவார்கள். கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில். எனக்கு அதைப் பார்த்தாலே சிந்தாதிரிப்பேட்டை ஞாபகம் வந்துவிடும். உன் அப்பாவுக்கு அது கூத்து. 'வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு எதுக்கு? பரீட்சை அன்னிக்கு நேரா கூட்டிட்டுப் போறேன், எந்தக் கேள்வி வேணும்னாலும் கேட்டுக்கட்டும்' என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டார். அவரும், மாஸ்டர் பிள்ளைதானே என்று விட்டுவிட்டார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். மாம்பலம் போய் வெள்ளைத் துணி எடுத்து, லஸ் முனையில் சட்டை தைக்கக் கொடுத்தேன். சிந்தாதிரிப்பேட்டைக்குச் சொல்லியனுப்பினேன். முறுக்கு சுட்டு டின்னில் போட்டு மூடியும் வைத்தாயிற்று.

பரீட்சை, பாஸ்குவுக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலை, கோவில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் நாற்காலியில். பெற்றவர்கள் நாங்கள் சுவரோரமாக நின்றோம். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, செபத்தைத் தொடங்கச் சொன்னார். அந்தப் பிள்ளை முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொன்னார்கள். குப்பத்திலிருந்து தெரசா என்று ஒரு பெண். உன் வயதுதான். வலை இழுக்கிறவர்களைக் கூப்பிடுகிற குரலில் அவள் தொடங்கியதைக் கேட்டு உன் அப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அழகாக நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். 'தொடங்கு ராசா' என்றார் டீச்சர். நீ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாய். அவர் தொடங்குவார், நீ பதில் சொல்லலாம் என்று காத்திருந்தாய்! எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. முன்பாதியை நீ ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாய், ஒரு தரமும் சொன்னதில்லை. கேட்டதும் என்ன, உன் அப்பாவின் மூக்கு ராகம்தானே? நீ அந்த ராகத்தைக் கொஞ்சம் முனகிப் பார்த்தாய். வார்த்தை வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்று பின்பாதியிலிருந்தே எடுத்துவிட்டாய்.

'இன்னா நைனா, பாதிலேர்ந்து ஆரம்பிக்கிறே? மீதிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா?' என்றாள் தெரசா. தாழ்வாரமே சிரித்தது. டீச்சர் அதட்டி அடக்கினார். 'சரி விடு. நீ தெரசாவ ஒரு கேள்வி கேளு. ஞானோபதேசத்துல எது வேணும்னாலும் கேளு, அவ பதில் சொல்லட்டும்' என்றார் உன்னிடம். நீ மெதுவாக, 'நான் கேக்கமாட்டேன் டீச்சர். அப்பாதான் கேப்பாங்க' என்றாய். இந்தத் தடவை சாமியாரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் நல்ல மனுஷர் அவர். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'மாஸ்டர், பிள்ளைக்கு எல்லாம் தெரியுது. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க பக்கத்துல இருந்தாத்தான் தெரியுது. இந்தத் தடவை வேணாம். ஆவணியில மாதா திருநாளுக்கு வாங்கட்டும், அதுவரைக்கும் வகுப்புக்கு அனுப்புங்க' என்றார். உன் அப்பா 'சரிங்க சாமி' என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'நான் என்னப்பா தப்பு சொன்னேன்? பின்பாதி சரியாத்தானே சொன்னேன்?' என்று கேட்டாய். அவர் உன் தலையைத் தடவிக்கொண்டே நடந்தார்.

பாஸ்கு அன்று மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் போனார்கள். நீ எனக்குப் பக்கத்தில் பழைய சட்டையில் நின்று பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். அடக்கி அடக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது. 'கேள்வியும் நீங்களே, தொடக்கமும் நீங்களே. ஒரு நாளாவது அவன ஆரம்பிக்க விட்டீங்களா? புள்ளைய எதிரொலியா வளத்து வெச்சிருக்கீங்க!' என்றேன். அவருக்கும் கோபம் வந்தது. 'அங்க ஆரம்பிக்கிற புள்ளைங்களுக்கு அர்த்தம் தெரியுமா? சும்மா கத்துறதுக்குப் பேர் வேதமா?' என்றார். 'கத்தட்டுமே! கத்தினாத்தான் நாளைக்கு வாய் வரும்' என்றேன். டின்னிலிருந்த முறுக்கை எல்லாம் எடுத்து அக்கம்பக்கத்தில் விநியோகம் செய்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி 'என்ன விசேஷம்?' என்று கேட்டதற்கு, 'ஒரு விசேஷமும் இல்ல மாமி, அதான் விசேஷம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பா அன்று சாப்பிடவில்லை. கோபத்தினால் இல்லை, அவமானத்தினாலும் இல்லை. உன் பழைய சட்டை அவரை அறுத்திருக்கிறது. பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் உன்னைக் கூட்டிப்போகக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் உன் கையைப் பிடித்துவிட்டார். தானே கொண்டுபோய் ஞானம்மா டீச்சரிடம் ஒப்படைத்து, 'அம்மா, இவனுக்குத் தொடங்கக் கத்துக்குடுங்க. எனக்கு அது தெரியல' என்றார். ஊருக்கே பாடம் சொல்கிற மனுஷன், தன்னைவிடச் சின்னவளிடம் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று அன்றைக்கு நீ அறிந்திருக்கமாட்டாய். இப்போது நீயும் ஒரு தகப்பன், அறிந்துகொள். அவரை நான் கைப்பிடித்ததற்குச் சந்தோஷப்பட்ட நாள்களில் அதை முதலில் வைப்பேன். டீச்சர் எழுந்து நின்று கும்பிட்டார். 'சார், அவன் வாயத் தொறக்க வெக்கிறது என் பொறுப்பு. உள்ள இருக்குறது நீங்க போட்டதுதான்' என்றார்.

நாங்கள் புங்கமரத்தடியில் நின்று பார்த்தோம். அன்று, கடலில் புயல் அடிக்கும்போதும் ஆண்டவர் இயேசு படகில் தூங்கிய கதையை நாடகமாகப் போட்டார்கள். பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து அதுதான் படகு என்றார்கள். புதுப் பிள்ளை என்பதால் உன்னை ஆண்டவராக்கிப் படகில் தூங்கச் சொன்னார்கள். டீச்சரின் பைதான் தலையணை. குப்பத்துப் பிள்ளைகளுக்குப் புயலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? 'டேய், அல வர்து! குந்து, குந்து! தண்ணிய மொண்டு ஊத்து!' என்று அவர்கள் பெஞ்சை ஆட்டிய ஆட்டத்தில் எனக்கே பயம் வந்துவிட்டது. நீ ஒரு தடவை உருண்டு கீழே விழுந்து, கண்ணைத் திறக்காமலே ஏறிப் படுத்துக்கொண்டாய். உன் அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். நாடகம் முடிந்ததும் டீச்சர், படகு முழுகப் போகிறபோது அவரால் எப்படித் தூங்க முடிந்தது என்று கேட்டார். 'களைச்சிப் பூட்டாரு. எங்கப்பாவும் கடல்லேர்ந்து வந்தா இப்டித்தான், இடி வியுந்தாலும் எந்திரிக்காது' என்றாள் தெரசா. டீச்சர் உன்னைப் பார்த்தார். நீ எழுந்து நின்றாய். அப்பா பக்கத்தில் இல்லை, மரத்தடியில்தான் இருந்தார். நீ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'அவருக்குப் பயம் இல்ல. அவரு படகுலயே இருக்கும்போது நமக்கும் பயம் வேணாம்னு காட்டத் தூங்கினாரு' என்றாய். அது கடற்கரை மணலில் அப்பா உனக்குச் சொன்னது. 'ரெண்டும் சரி' என்றார் டீச்சர். பிள்ளைகள் தட்டினார்கள். உன் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்க ஆரம்பித்தார், வீட்டுக்கு வரும்வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தார். 'அந்தப் பொண்ணு சொன்னது பாத்தியா, களைச்சிப் போயிட்டாருன்னு! இத்தன வருஷமா எனக்குத் தோணலியே' என்று வழியெல்லாம் அதையே சொன்னார்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது, விளக்கை வைத்தேன், எல்லாரும் முழந்தாளிட்டோம். அவர் தொடங்கவில்லை. பிறகு அவர் நகர்ந்து உனக்குப் பின்னால் வந்து, 'நீ சொல்லு' என்றார். நீ தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, முன்பாதியைச் சொல்லி முடித்தாய். இப்போது அவர் பின்பாதி சொல்ல வேண்டும். ராயப்பா, அந்த மனுஷனுக்கு அது வரவில்லை! இத்தனை வருஷம் தொடங்கித் தொடங்கியே பழகிய வாய். நீ நிறுத்தியதும் அவரும் முன்பாதியையே மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நீ திரும்பி, 'அப்பா, அது நான் சொல்லிட்டேன்' என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பிலோமினா பயந்துபோய் அழுதாள். அவரும் சிரித்துவிட்டார். செபத்தில் சிரித்ததற்காக அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி கோலப்பொடி டப்பாவோடு நின்று, 'நேத்திக்கு ஒங்காத்துலேர்ந்து கொழந்தை கொரல்னா கேட்டுண்டிருந்தது? மாஸ்டருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு கவலையாப் போயிடுத்து' என்று விசாரித்தாள். 'நல்லா இருக்கார் மாமி, இப்பத்தான் பதில் சொல்லக் கத்துக்கறார்' என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீ, ஒரு நாள் அவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடந்ததை நீ வீட்டுக்குக் கொண்டுவருவாய், அவர் அதற்குக் கதை சொல்வார். அந்தக் கதையை நீ அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டுபோவாய். கிணற்றடியில் நீ கேள்வி கேட்க ஆரம்பித்தாய். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் அவர் தலையில் நீ தண்ணீர் ஊற்றுவாய் என்று ஒரு புதுச் சட்டம் வேறு. ஆவணியில் மாதா திருநாளுக்குப் புதுநன்மை வாங்கினாய். அதற்குள் வளர்ந்துவிட்டாய், லஸ் முனையில் தைத்த சட்டையின் கை ஏறிப்போயிருந்தது. மடித்துவிட்டு அனுப்பினேன். அந்த இரண்டு மூன்று வருஷம்தான் நம் வீட்டில் செபம் மிகவும் சந்தோஷமாக நடந்த காலம். ஆண்டவருக்கு அதற்காக இன்றும் தோத்திரம் சொல்கிறேன்.

இனி எழுதப் போவதை நீயும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம் உன் அப்பாவுக்கு மார்ச்சளி கண்டு, படுத்த படுக்கையாகி, டாக்டரும் கையை விரித்துவிட்ட அந்த நாள். சாமியார் காலையிலேயே வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் அப்பாவின் மூச்சு மாறியது. பக்கத்தில் நாம் மூன்று பேர்தான். செபம் சொல்ல வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிகிறது, வாய் வரவில்லை. கத்தினால்தான் வாய் வரும் என்று அவரிடம் சண்டை போட்டவள் நான். அன்று எனக்கு ஒரு எழுத்து வரவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பதினைந்து வயது. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தொடங்கினாய். அப்பாவின் ரயில் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாய். அவர் கண் திறக்கவில்லை. ஆனால் நீ நிறுத்திய இடத்தில் அவர் உதடு அசைந்தது. பின்பாதியைச் சொன்னார். அடுத்ததற்கும் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் வாய் திறந்தது, நானும் அவரோடு சேர்ந்து சொன்னேன். செபமாலையின் எந்த மணியில் அவர் உதடு நின்றது என்று எனக்குத் தெரியாது. நீ அழுதுகொண்டே கடைசி மணிவரைக்கும் தொடங்கிக்கொண்டே இருந்தாய். என் கணவர் தனியாகப் போகவில்லை. பழகிய செபத்தைச் சொல்லிக்கொண்டே போனார். அதை அவருக்குக் கொடுத்தது நீ.

இப்போது சொல். அந்தச் செபத்தை உன் மனதில் போட்டது யார்? அப்பா. அந்த நேரத்தில் யாருடைய முகத்தையும் பார்த்துக் காத்திராமல் அதைத் தொடங்க வைத்தது யார்? கவிழ்த்துப் போட்ட பெஞ்சும், ஞானம்மா டீச்சரும், உன்னைக் கேலி செய்த தெரசாவும். இதில் எதைக் கழிப்பாய்? நீ செசிலிக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பாய், சந்தேகமே இல்லை. உன் அப்பாவின் பிள்ளையாயிற்றே, அவரைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பாய். அதனால்தான் எனக்குப் பயம். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற தகப்பனுக்கு முன்னால் பிள்ளை பதில் மட்டும்தான் சொல்லும். அந்த ஊர் வகுப்பில் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசுகிறார்கள், நம் குழந்தைக்குப் புரியாது என்கிறாய். ஒரு மாதத்தில் அவள் உனக்கு இந்தி சொல்லிக்கொடுப்பாள், பார்த்துக்கொண்டிரு. ஆட்டம் போடுகிறார்கள் என்கிறாய். போடட்டும். விழுந்தால் உன்னைப் போலக் கண்ணைத் திறக்காமல் ஏறிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அவளும் எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வருவாள். அன்றைக்கு அவளை மடியில் வைத்துக்கொள்ள வீடு இருக்கிறது. அதற்காகத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை அனுப்பு. சாயங்காலம் நீ அவளுக்குப் பின்னால் முழந்தாளிட்டு, அவள் தொடங்குகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. அது சுலபமில்லை. உன் அப்பாவுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

எனக்கு உடம்பு முன்போல் இல்லை. பிலோமினா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், அடையாறு டாக்டரிடமும் மாதம் தவறாமல் கூட்டிப்போகிறாள். நீ கவலைப்படாதே. ஆனால் என்றைக்காவது ஒருநாள் தந்தி வரும், நீங்கள் ரயிலேறி வருவீர்கள். அந்த நேரத்தில் உனக்கு வாய் வராமல் போகலாம். அன்றைக்கு எனக்கு வரவில்லையே, அதுபோல. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செசிலியைப் பக்கத்தில் நிறுத்து. அவள் தொடங்கட்டும். பின்பாதியை நான் சொல்லிக்கொள்வேன்.

உங்கள் மூன்று பேரையும் மாதாவின் கையில் ஒப்படைக்கும்,
அம்மா